நெல்லை ஊரக, நகர வேலைவாய்ப்பு இடைவெளியை முன்கணிப்பதில் சிக்கல்: உதவி தேவை

பாளை மாணவி:
வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்தில் ஊரகத்துக்கும் நகரத்துக்கும் உள்ள வேலைவாய்ப்பு வேறுபாட்டை 2035 வரை முன்கணிக்கும் ஆய்வேட்டை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். பெண்களுக்கான கோட்டைப் போட்டால், ஊரகத்தில் வேலை செய்வோர் விகிதம் 100 விழுக்காட்டைத் தாண்டிப் போகிறது. நகரக் கோடோ எழவே இல்லை. நேர்க்கோட்டுப் போக்கு, ஆரிமா (ARIMA, பழைய மதிப்புகளை வைத்து அடுத்ததைக் கணிக்கும் காலத்தொடர் முறை) இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டேன். எங்கே தவறு என்று சொல்லுங்கள், அவசரம்.

வண்ணார்பேட்டை:
எந்தத் தரவு, எந்த ஆண்டுகள், வேலை என்பதற்கு எந்த வரையறை? இவற்றைச் சொல்லாமல் யாராலும் உதவ முடியாது.

பிசானம்:
பருவத்தைக் கணக்கில் எடுக்காததுதான் காரணமாக இருக்கும். கார் பருவ நெல் சாகுபடிக்குப் பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் வயலில் ஆள் நிற்கும். நடவு முடிந்தால் அறுப்பு வரை பெண்களுக்கு வேலை குறைவு. அறுப்புக்கும் இப்போது இயந்திரம் வந்துவிட்டது. ஆண்டுச் சராசரி இதையெல்லாம் மறைத்துவிடும். மாத வாரியாகப் பிரியுங்கள்.

வண்ணார்பேட்டை:
அண்ணாச்சி, பருவம் ஓர் ஆண்டுக்குள் ஏற்றி இறக்குமே தவிர, ஆண்டுக்கு ஆண்டு மேலே தூக்கிக்கொண்டு போகாது. தரவு என்னவென்று முதலில் தெரியட்டும்.

பாளை மாணவி:
மன்னிக்கவும், ஒன்றிய அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்புதான் (PLFS). 2017-18 முதல் 2023-24 வரை. ஊரகத்துக்கு ஆண்டுக் கோப்பிலிருந்து நமது மாவட்டத்தைப் பிரித்தெடுத்தேன். நகரத்துக்குக் காலாண்டு வெளியீட்டிலிருந்து எடுத்தேன்.

சமாதானபுரம்:
முதல் வகுப்பில் சொல்லித் தருவதைப் படிக்காமல் முன்கணிப்புக்கு உட்கார்ந்தால் இப்படித்தான் முடியும். 2024 வரை காலாண்டு வெளியீடு நகரப் பகுதிக்கு மட்டுமே வந்தது. அதில் மாநிலத்துக்குக் கீழே எண் கிடையாது. அது நடப்பு வார நிலைக் கணக்கு, அதாவது முந்தைய ஏழு நாட்களில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தாரா என்று பார்ப்பது. ஆண்டுக் கோப்பில் நீங்கள் எடுத்தது 365 நாட்களைப் பார்க்கும் வழமை நிலையாக இருக்கும்; துணை வேலையாக 30 நாள் செய்தவரும் அதில் சேர்ந்துவிடுவார். ஆக, தமிழ்நாட்டு நகரங்களின் வாரக் கணக்கையும் நெல்லை ஊரகத்தின் ஆண்டுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அதற்கு இடைவெளி என்று பெயர் சூட்டியிருக்கிறீர்கள். கையில் இருப்பதோ ஏழே புள்ளிகள். அதில் ஆரிமா நிற்காது.

முக்கூடல்காரன்:
கேட்கிற பிள்ளையிடம் இவ்வளவு கடுமை வேண்டாம், ஐயா. கணக்கெடுப்பிலேயே ஒரு குறை இருக்கிறது. எங்கள் தெருவில் விவரம் கேட்டு வந்தபோது என் அக்கா திண்ணையில் முறத்தை மடியில் வைத்து, வெட்டிய இலையில் தூளை வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "வேலை பாக்கீங்களாம்மா?" என்று கேட்டதற்கு, கை நிற்காமலே, "இல்ல, வீட்டுலதான் சும்மா இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். அன்று மாலை கடையில் கட்டுகளை ஒப்படைத்துக் கூலி வாங்கினார். ஊரகப் பெண்கள் வேலை இப்படித்தான் விட்டுப்போகிறது.

சமாதானபுரம்:
முக்கூடல் பேரூராட்சி. கணக்கெடுப்பில் அது நகரம். நீங்கள் சொன்னது நகரப் பெண்ணின் வேலை.

முக்கூடல்காரன்:
சுற்றிலும் வயல் இருக்கிற ஊரை நகரம் என்று எழுதினால் அது நகரமாகிவிடுமா? சேரன்மகாதேவியும் வீரவநல்லூரும் பேரூராட்சிகள்தான். அங்கே நாற்று நடுகிறவர்களை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

சமாதானபுரம்:
வேலை எங்கே நடக்கிறது என்பதல்ல, ஆள் எங்கே குடியிருக்கிறார் என்பதே கணக்கு. மானூரிலிருந்து தினமும் பேருந்தேறி ஜங்ஷனுக்குக் கட்டட வேலைக்கு வருகிற கொத்தனார் ஊரகத் தொழிலாளிதான்.

பிசானம்:
அப்படியானால் நகரத்தில் கட்டட வேலை குறைந்தால் ஊரக எண் விழும். இரண்டு வரிசையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும்போது தனித்தனியாக முன்கணிப்பது சரியா என்பதையும் தங்கச்சி யோசிக்க வேண்டும்.

வண்ணார்பேட்டை:
பேரூராட்சி வழக்கு இருக்கட்டும், வெள்ளிக்கிழமை நெருங்குகிறது. தங்கச்சி, 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. ஆலங்குளம், கடையம் பக்கத்துப் பீடித் தொழிலாளர்கள் நமது எண்ணிக்கையிலிருந்து வெளியே போய்விட்டார்கள். எந்த ஆண்டுக் கோப்பிலிருந்து தென்காசிக்குத் தனிக் குறியீடு வருகிறது என்று பார்த்து, அதிலிருந்து இரண்டு மாவட்டங்களையும் சேர்த்தே எண்ணுங்கள். நகரத்தையும் அதே ஆண்டுக் கோப்பிலிருந்து, அதே வழமை நிலையில், மதிப்பீட்டு எடையோடு (மாதிரியில் வந்த ஒருவர் மக்கள்தொகையில் எத்தனை பேருக்குச் சமம் என்ற எண்) எடுங்கள். 2025 ஜனவரியில்தான் மாவட்டம் மாதிரித் தேர்வின் அடிப்படை அலகானது. அதற்கு முந்தைய கோப்புகளில் ஒரே மாவட்டத்தின் நகரப் பெண்கள் மிகச் சிலரே இருப்பார்கள். ஆகவே தூத்துக்குடி, கன்னியாகுமரியையும் சேர்த்துத் தென்மண்டலமாக ஒருமுறை பார்த்துவிட்டு மாவட்டத்துக்கு வாருங்கள். விகிதத்தை லாஜிட் மாற்றம் செய்தால், அதாவது வேலை செய்வோருக்கும் செய்யாதோருக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையாக மாற்றி முன்கணித்துத் திருப்பினால், கோடு 100-ஐத் தாண்டாது. 2035 வேண்டாம், மூன்று நான்கு ஆண்டுகளோடு நிறுத்தி, நம்பக எல்லையையும் (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு) வரைந்து காட்டுங்கள்.

சமாதானபுரம்:
ஏற்றம் முழுவதையும் பிழை என்று வெட்டிவிட வேண்டாம். அகில இந்திய அளவில் 15 வயதுக்கு மேற்பட்ட ஊரகப் பெண்களின் தொழிற்படைப் பங்கேற்பு (வேலை செய்வோரும் வேலை தேடுவோரும் சேர்ந்த விகிதம்) 2017-18-இல் 24.6 விழுக்காடாக இருந்து 2023-24-இல் 47.6 ஆனது, நகரப் பெண்களுக்கு 20.4 என்பது 28.0 ஆனது. அந்த ஊரக ஏற்றத்தில் சொந்த நிலத்திலும் வீட்டுத் தொழிலிலும் சம்பளமின்றி உதவுகிறவர்கள் நிறைய. சம்பள வேலையைத் தனியாகப் பிரித்துப் பார்க்காமல் வேலைவாய்ப்புப் பெருகியது என்று எழுதக் கூடாது.

பாளை மாணவி:
அனைவருக்கும் நன்றி. இரண்டு வரிசைகளையும் வழமை நிலைக்கு மாற்றி, தென்காசியைச் சேர்த்தேன். இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிட்டது; கோடும் 100-க்குள் நிற்கிறது. வழிகாட்டி ஒத்துக்கொண்டார். அச்சுக்குக் கொடுக்கப் போகிறேன்.

வண்ணார்பேட்டை:
மகிழ்ச்சி. சேர்த்த பிறகு நகரப் பெண்கள் எத்தனை பேர் மாதிரியில் வந்தார்கள்? நம்பக எல்லை எவ்வளவு அகலம்? அச்சுக்குப் போகும் முன் அதையும் இங்கே எழுதுங்கள்.

முக்கூடல்காரன்:
தங்கச்சி, இருக்கிறீர்களா? பீடித் தொழிலைத் தனியாகப் பிரித்தீர்களா என்று தெரிய வேண்டும்.