கூட்டுக் கண்காட்சியில் சேரலாமா, தனிக் கண்காட்சிக்குக் காத்திருக்கலாமா?

கோரைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். நான் சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். என் சொந்த வேலைக்கு மாலை நேரமும் விடுமுறை நாட்களும்தான் கிடைக்கின்றன. சில ஆண்டுகளாகப் பத்தமடையில் பாய் நெய்யும் பெண்களைக் கரித்துண்டாலும் இந்தியன் இங்க்காலும் காகிதத்தில் வரைந்து வருகிறேன். ஆற்றோரக் கோரையைக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, நூல் கனத்துக்கு வகிர்ந்து, தரையையொட்டிய தறியில் ஒவ்வொன்றாகக் கோத்து நெருக்கும் அந்தக் கைகளைப் பார்த்துத்தான் என் கோடு மெலிந்தது. முன்பெல்லாம் முகங்களை வரைந்தேன். இப்போது கையும் கோரையும் தறியின் கிடைக்கோடுகளும் மட்டுமே பக்கத்தை நிறைக்கின்றன.

எனக்கு அறிமுகமான ஆறு பேர் சேர்ந்து பாளையங்கோட்டையில் ஒரு கூடத்தை மூன்று நாட்களுக்கு வாடகைக்கு எடுத்துக் கூட்டுக் கண்காட்சி நடத்தத் திட்டமிட்டு, என்னையும் அழைத்திருக்கிறார்கள். செலவை ஏழு பேரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அவர்களில் ஒருவர் அக்ரிலிக்கில் தெய்வ உருவங்கள் தீட்டுகிறார், ஒருவர் பென்சிலில் உருவப்படம் வரைகிறார், இருவர் பெரிய கித்தான்களில் அரூப ஓவியம் செய்கிறார்கள், மற்ற இருவர் புகைப்படக்காரர்கள். அடர்ந்த வண்ணங்களுக்கு நடுவே என் கறுப்பு வெள்ளைக் காகிதங்கள் காணாமல் போய்விடுமோ என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. அதைவிடப் பெரிய தயக்கம், எங்களில் எவரும் மற்றவருடைய அசல் படைப்பைப் பார்த்ததில்லை என்பதுதான். கைபேசித் திரையில் பார்த்ததோடு சரி.

கல்லூரியில் படித்தபோது உடன் படித்தவர்கள் என் வேலையைப் பார்த்து வாதாடுவார்கள். இப்போது யாரிடம் காட்டினாலும் 'நல்லா இருக்கு' என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இந்தக் கண்காட்சியில் சேரலாமா? கூர்ந்து பார்த்து மனம்விட்டுப் பேசும் தோழமையை நம் ஊர்ப்பக்கம் எப்படித் தேடிக்கொள்வது? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மருதமரம்:

அன்புள்ள தங்கச்சிக்கு, சேருங்கள் என்பதே என் கருத்து. ஆனால் கூடத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், ஏழு பேரும் அசல் படைப்புகளோடு ஒரே இடத்தில் ஒரு பகல் முழுவதும் உட்கார வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். அதற்கு அவர்கள் இசையவில்லை என்றால் அது வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு மட்டுமே. அப்படிப்பட்ட கண்காட்சியில் ஏழு பேருடைய உறவினர்களும் வந்து, அவரவர் வீட்டுப் பிள்ளையின் படத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

எங்கள் சிறு வட்டம் மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடும். படத்தைச் சுவரில் சாய்த்து வைத்த பிறகு வரைந்தவர் முதலில் வாய் திறப்பதில்லை. மற்றவர்கள் தங்கள் கண்ணுக்குப் படுவதை மட்டும் சொல்வார்கள்: கண் எங்கே முதலில் போகிறது, எங்கே தங்குகிறது, எந்த மூலையைத் தாண்டிப் போய்விடுகிறது என்று. நல்லது, கெட்டது என்ற தீர்ப்புக்கு அந்தச் சுற்றில் இடமில்லை. 'இடப்பக்கக் கைக்கு மேலே என் கண் போகவே இல்லை' என்று ஒருவர் சொன்னால் அதை வைத்துக்கொண்டு மறுநாளே வேலை செய்ய முடியும். பாராட்டை வைத்துக்கொண்டு அப்படிச் செய்ய முடியாது. வரைந்தவர் கடைசியில்தான் பேசுவார்.

சேர்ந்து வரைவதைப் போலவே சேர்ந்து பார்ப்பதும் பயிற்சிதான். நாங்கள் திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயிலுக்கு உரிய அனுமதியோடு போய், கோபுரத்தின் ஐந்து நிலைகளிலும் உள்ள சுவரோவியங்களையும் மரச்சிற்பங்களையும் பார்த்து வந்தோம். குதிரைகளை ஏற்றி வரும் கப்பல் ஒன்று அங்கே தீட்டப்பட்டிருக்கிறது. ஒருவர் அந்தக் கப்பலின் அமைப்பைக் குறிப்பேட்டில் எடுத்தார், ஒருவர் படைவீரர்களின் உடைக்கோலத்தை எடுத்தார், நான் உருவங்களைச் சுற்றி ஓடும் கறுப்புக் கோட்டை மட்டும் எடுத்தேன். அன்று மாலை குறிப்பேடுகளை மாற்றிப் பார்த்தபோது, நான் ஏறிய அதே படிகளில் ஏறியவர்கள் நான் காணாத எவ்வளவோ கண்டிருந்தது தெரிந்தது. கோட்டை நம்பி வேலை செய்கிறவர் நீங்கள் என்பதால் அவசியம் போய் வாருங்கள். வண்ணத்துக்கு நடுவே கோடு எப்படித் தன் இடத்தைக் காத்துக்கொள்கிறது என்று அங்கே பார்க்கலாம்.

தோழமை என்பது கருத்துச் சொல்வதோடு நிற்பதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது எங்கள் நண்பர் ஒருவரின் வீட்டுத் தரைத்தளத்தில் இருந்த காகித ஓவியங்கள் அனைத்தும் நனைந்துவிட்டன. தண்ணீர் வடிந்ததும் நாங்கள் போய், ஒட்டிக்கொண்ட தாள்களை இழுத்துப் பிரிக்காமல், அடுக்கடுக்காகத் தூக்கி, இடையிடையே உறிஞ்சுதாள் வைத்து, அது ஈரமானதும் மாற்றி மாற்றி, நிழலில் மின்விசிறிக் காற்றிலேயே உலர்த்தினோம். வெயிலில் போட்டிருந்தால் தாள் முறுக்கிக்கொண்டிருக்கும். ஈரத்தோடு அடுக்கி வைத்திருந்தால் பூஞ்சை பிடித்திருக்கும். நீர்வண்ணங்கள் கரைந்துவிட்டன, அரக்கு கலந்த இந்தியன் இங்க் கோடுகள் பெரும்பாலும் நின்றன. ஐப்பசி பிறக்கும் முன் உங்கள் காகிதங்களைத் தரையிலிருந்து நன்றாக உயர்த்தி வைத்துவிடுங்கள்.

சுடுமண்:

மருதமரம் அண்ணாச்சி சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஒன்றில் மட்டும் எனக்கு மாறுபாடு உண்டு. மாதாமாதம் கூடிப் பேசும் வட்டத்துக்கு ஓர் ஆபத்து இருக்கிறது. நான் தென்காசிப் பக்கம் சுடுமண்ணிலும் அச்சோவியத்திலும் வேலை செய்கிறேன். முன்பு இருந்த ஒரு வட்டத்தில் நாளடைவில் எல்லோரும் ஒரே படித்துறையையும் ஒரே மண்டபத்தையும் ஒரே காவி நிறத்தில் தீட்ட ஆரம்பித்துவிட்டோம். எதற்குப் பாராட்டுக் கிடைக்கிறதோ அதையே கை தானாகச் செய்யும். அதனால் சிறிது காலம் விலகியிருந்துதான் என் மண்ணுக்குத் திரும்பினேன். உங்கள் ஏழு பேரும் வேறு வேறு வழியில் வேலை செய்கிறவர்கள் என்பதை நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள், நான் அதைப் பெரிய நலமாகப் பார்க்கிறேன்.

வண்ணத்துக்கு நடுவே காணாமல் போகும் அச்சத்தைச் சுவரைப் பிரிக்கும் விதத்திலேயே தீர்த்துவிடலாம். ஆளுக்கு இத்தனை படம் என்று கணக்கிடாதீர்கள், ஆளுக்கு இத்தனை அடிச் சுவர் என்று கேளுங்கள். ஒரு தனிச் சுவர் அல்லது ஒரு மூலையின் இரு பக்கங்கள் கிடைத்தால், உங்கள் காகிதங்களை ஒரே அளவுச் சட்டத்தில், நெருக்கமாக, ஒரு வரிசையாக மாட்டலாம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் நின்று பார்க்கிறவரின் கண்ணுக்கு நேராக அமையும். பக்கத்துச் சுவரில் பெரிய கித்தான் வருவதாக இருந்தால் இடையில் வெறும் சுவர் நிறையவே விடச் சொல்லுங்கள். பொதுவான கூடங்களில் குழல்விளக்கின் ஒளி கண்ணாடியில் விழுந்து கறுப்பு வெள்ளையைத்தான் முதலில் கெடுக்கும். ஆகவே முந்தின நாள் மாலையே ஒரு சட்டத்தைக் கொண்டுபோய் அந்தச் சுவரில் பிடித்துப் பாருங்கள். கரித்துண்டு வேலைக்குப் பிக்சேட்டிவ் (கரி உதிராமல் பிடித்துவைக்கும் தெளிப்பு) அடித்து, கண்ணாடி தாளைத் தொடாதபடி மவுண்ட் அட்டை வைத்துச் சட்டமிடுங்கள்.

பணத்தைப் பற்றி நட்போடு இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும். வாடகை, அழைப்பிதழ், வண்டிச் செலவு ஆகியவற்றில் யார் எவ்வளவு, எந்த நேரத்தில் யார் கூடத்தில் இருப்பது, படம் சேதமானால் யார் பொறுப்பு, விற்றால் முழுத்தொகையும் வரைந்தவருக்கா அல்லது ஒரு பங்கு பொதுச் செலவுக்கா என்று ஒரே தாளில் எழுதி ஏழு பேரும் கையொப்பமிடுங்கள். நகரத்துக் கலைக்கூடங்கள் விற்பனையில் 30 முதல் 50 விழுக்காடு வரை எடுத்துக்கொள்வது வழக்கம். நீங்களே நடத்தும் கண்காட்சியில் அந்தப் பங்கு இல்லை என்பதற்காக விலையைப் பாதியாக்கிவிடாதீர்கள். பின்னால் கலைக்கூடத்துக்குப் போகும்போது அந்த விலையே உங்களைத் தடுக்கும்.

இன்னொன்றும் உண்டு. மாலைக் கூட்டங்களுக்குப் பெண்களால் எப்போதும் வர முடிவதில்லை. சமையலும் பிள்ளைகளின் பாடமும் கடைசிப் பேருந்தும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவோம் என்று நீங்கள் தயங்காமல் கேட்க வேண்டும். வர முடியாத நேரத்தில் நடக்கும் கூட்டத்தால் நமக்கு என்ன பயன்?

கரிசல்:

நான் கோவில்பட்டிக்காரன், இப்போது சென்னையில் இருக்கிறேன். தனியாக நின்று வளர்வதா, சேர்ந்து வளர்வதா என்ற கேள்வி நம் பக்கத்துக்குப் புதிதல்ல. பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த கோவில்பட்டியில்தான், நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்ட வந்த சி. கொண்டையராஜு (1898–1976) தங்கி, மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு நாட்காட்டி ஓவியங்கள் செய்தார். குருவின் பெயரும் மாணவரின் பெயரும் சேர்ந்தே கையொப்பமாக வந்த படங்கள் நம் வீட்டுப் பூஜை மாடங்களில் இன்றும் இருக்கின்றன. சென்னையில் 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கம் தொடங்கியது. பின்பு 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று ஓவியர்களும் சிற்பிகளும் சோழமண்டலம் கிராமத்தை உருவாக்கினார்கள். அவர்கள் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றுத்தான் நிலத்துக்கும் வாழ்வுக்கும் வழி தேடிக்கொண்டார்கள். அங்கே ஒருவர் பாணி மற்றவரிடம் இருந்ததில்லை. பிழைப்பைப் பகிர்ந்துகொண்டதால் அவரவர் பாணியில் உறுதியாக நிற்க முடிந்தது என்று நான் நினைக்கிறேன். அதனால் சுடுமண் அக்காவின் எச்சரிக்கை எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

மாநிலக் கலை பண்பாட்டுத் துறை தனிநபர் கண்காட்சிக்கும் கூட்டுக் கண்காட்சிக்கும் நிதியுதவி அறிவிப்பதுண்டு. அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க வசதியாகப் படைப்புகளின் நல்ல புகைப்படங்களையும், அளவு, ஊடகம், ஆண்டு ஆகிய குறிப்புகளையும் இப்போதே ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

கோரைக்கரை:

அண்ணாச்சிக்கும் அக்காவுக்கும் கரிசல் அண்ணனுக்கும் மிக்க நன்றி. ஆறு பேரிடமும் அசல் படைப்புகளோடு கூடுவது பற்றிப் பேசினேன். நான்கு பேர் உடனே சம்மதித்தார்கள், புகைப்படக்காரர்கள் இருவரும் தேதி பார்த்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள். உங்கள் பதில்களைப் படித்தபின் வேறொரு கேள்வி என்னை உறுத்துகிறது. நான் வரைந்த பெண்களுக்கு அந்தப் படங்களை இதுவரை முழுதாகக் காட்டியதில்லை. பாளையங்கோட்டையில் முன்பின் தெரியாதவர்கள் பார்க்கும் முன் அவர்கள் பார்க்க வேண்டாமா? காட்டினால் முகம் இல்லாமல் கையை மட்டும் ஏன் வரைந்தாய் என்று கேட்பார்களோ என்றும் கூச்சமாக இருக்கிறது.

சுடுமண்:

கட்டாயம் காட்டுங்கள், அதுவும் ஏழு பேர் கூடுவதற்கு முன்பே காட்டுங்கள். கோரையை எந்த விரல் பிடிக்கிறது, எந்த விரல் தள்ளுகிறது என்று உங்கள் கோட்டைத் திருத்தக்கூடியவர்கள் அவர்கள்தான். ஓவியர்களாகிய நாங்கள் அதை ஒருநாளும் சொல்ல முடியாது. முகம் ஏன் இல்லை என்று கேட்டால் நீங்கள் இங்கே எங்களிடம் சொன்னதையே அவர்களிடமும் சொல்லுங்கள். பழைய படங்களில் அடையாளம் தெரியும்படி முகம் இருந்தால், அதை மாட்டுவதற்கும் விற்பதற்கும் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அந்தப் படம் வீட்டிலேயே இருக்கட்டும். விற்றால் அவர்களுக்கு ஒரு பங்கு உண்டா என்பதையும் முன்னதாகவே தீர்மானித்து, அந்த ஒப்பந்தத் தாளில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். நீங்கள் கூடும் ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னால் நானும் தென்காசியிலிருந்து காலைப் பேருந்தில் வந்துவிடுகிறேன். படங்களைச் சட்டமிடாமல் தாளாகவே கொண்டு வாருங்கள், கையில் எடுத்துப் பார்த்துப் பேசலாம்.