ஆர் வரிசையில் சிக்கிய ஒரு சொல்

தொடங்கியவர், பாலிடெக்னிக் ஆசிரியர்:
வணக்கம். மின்பொறியியல் மாணவர்களுக்கான ஆங்கிலம்-தமிழ் சொற்பட்டியல் திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஆர் எழுத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். ரெசிஸ்டன்ஸ் மின்தடை, ரெசிஸ்டிவிட்டி மின்தடை எண், ரியாக்டன்ஸ் மின்மறுப்பு, ரெக்டிஃபையர் அலைதிருத்தி. ரிலக்டன்ஸ், அதாவது காந்தப் பாயம் செல்வதற்கு அதன் பாதை காட்டும் எதிர்ப்பு, அதற்கு வரையறை தயார்: காந்த இயக்கு விசையைக் காந்தப் பாயத்தால் வகுத்தால் வருவது, ஒரு வெபருக்கு இத்தனை ஆம்பியர்-சுற்று என்று அளப்பார்கள். பெயர்தான் இல்லை. காந்தத்தடை என்று போட்டுவிடலாமா?

கோவை, ஓய்வுபெற்ற மின்பொறியாளர்:
வேண்டாம். மின்தடையே ஏற்கெனவே இரட்டை வேலை பார்க்கிறது. 'நாளை மின்தடை' என்று பேப்பரில் படிக்கிற பையனிடம் செம்புக் கம்பிக்கு மின்தடை குறைவு என்றால், அந்தத் தெருவில் கரண்ட் போகாது என்றுதான் நினைப்பான். சரி, அது போகட்டும். தடையில் ஆற்றல் வெப்பமாகி வீணாகிறது. ரிலக்டன்ஸில் அப்படி எதுவும் எரிவதில்லை. ஆற்றல் காந்தப்புலத்திலேயே இருக்கிறது, அதிலும் இரும்புக்கு நடுவே விடும் காற்றிடைவெளியில்தான் பெரும்பங்கு. 1888-இல் ஆங்கிலேய மின்னியல் அறிஞர் ஹெவிசைடு இதற்குப் பெயர் வைத்தபோது 'தயக்கம்' என்று பொருள்படும் சொல்லைத்தான் எடுத்தார். காந்தத் தயக்கம் என்போம்.

மதுரை, மேல்நிலைப்பள்ளி இயற்பியல் ஆசிரியை:
அய்யா, அந்த இருக்கையில் ஆள் இருக்கிறார். பிளஸ் டூ பாடத்தில் ஹிஸ்டரிசிஸ்தான், அதாவது காந்தமாக்கும் புலத்துக்குப் பொருளின் காந்தத்தன்மை பின்தங்குவதுதான், காந்தத் தயக்கம். அதற்கான வளைகோடான தயக்கக் கண்ணி வரையாமல் யாரும் தேர்வு எழுதுவதில்லை.

தஞ்சை, தமிழாசிரியர்:
அந்தத் தயக்கமே சரியா என்று முதலில் பார்க்க வேண்டும். சங்கப் பாட்டில் தயங்குதிரை என்றால் அசைகிற அலை. ஒளிர்தல் என்ற பொருளும் உண்டு. பின்வாங்கி நிற்பது பிற்காலப் பொருள்.

மதுரை:
அய்யா, திங்கட்கிழமை.

யாழ்ப்பாணம்:
எங்கள் புத்தகங்களில் வெறும் தடைதான், 'மின்' ஒட்டுவதில்லை. அதனால் கரண்ட் போகும் குழப்பமும் இல்லை. ரெசனன்ஸ் உங்களுக்கு ஒத்ததிர்வு, எங்களுக்குப் பரிவு. பரிவு இருக்கலாமென்றால் ஊடலும் இருக்கலாம்தானே?

தஞ்சை:
விளையாட்டாகச் சொன்னாலும் நல்ல சொல். குறளின் கடைசி அதிகாரமே ஊடலுவகை. ஊடலில் ஒன்றும் இழப்பதில்லை, கோவை நண்பர் கேட்பதும் அதுதான். ஆனால் வகுப்பில் சிரிப்பார்கள். பிணக்கம் என்று வைக்கலாம். தயங்கு தயக்கம், வணங்கு வணக்கம், பிணங்கு பிணக்கம். ரிலக்டன்ஸின் தலைகீழான பெர்மியன்ஸுக்கு இணக்கம். இரண்டும் ஜோடியாக நிற்கும்.

கோவை:
பிரமாதம்!

தொடங்கியவர்:
இன்று வகுப்பில் காந்தப் பிணக்கம் என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து "யார் சார் செத்தது?" என்று குரல் வந்தது. அப்புறம் பாடம் நடக்கவில்லை.

மதுரை:
இணக்கமும் காலி இல்லை, கம்பாட்டிபிலிட்டிக்குக் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். காந்தத்தடையே இருக்கட்டும். வரையறையில் 'இதில் ஆற்றல் வீணாவதில்லை' என்று ஒரு வரி சேருங்கள்.

யாழ்ப்பாணம்:
சம்மதம். வேறு வழியில்லை.

தொடங்கியவர்:
அப்படியே போட்டு அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

கோவை:
எனக்குச் சம்மதமில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வரி சேர்த்துச் சமாளிக்க வேண்டிய சொல்லை எதற்கு வைக்க வேண்டும்? எஸ் வரிசைக்கு இப்போதே உட்காருங்கள். சஸெப்டிபிலிட்டி, சஸெப்டன்ஸ் என்று இரண்டு வேறு வேறு அளவுகள் வருகின்றன. கையில் இருப்பது ஏற்புத்திறன் ஒன்றுதான்.