திறமூலச் செயலிக் கருவிக்கு விளம்பரம் வைத்தோம்: பார்க்கிறார்கள், சொடுக்குவதில்லை. பிழை எங்கே?

கேட்பவர்:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நண்பர்கள் நால்வர், வேலை நேரம் போக எஞ்சிய நேரத்தில், மூன்று ஆண்டுகளாக ஒரு திறமூலக் கருவியை எழுதிப் பராமரித்து வருகிறோம். டைப்ஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் ஒரு முறை எழுதிய நிரலிலிருந்து ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டுக்கும் செயலி உருவாக்கித் தருவது அதன் பணி. திரையில் தோன்றும் பொத்தான், பட்டியல், உரைப்பெட்டி யாவும் அந்தந்த இயங்குதளத்தின் சொந்த உறுப்புகளாகவே வரும். இடையில் வெப்வியூ கிடையாது; அதாவது, செயலிக்குள் வலைப்பக்கத்தைத் திறந்து காட்டும் உலாவிப் பகுதி இல்லை. எவரும் ஏறத்தாழ நிபந்தனையின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் இடம்தரும் எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டிருக்கிறோம்.

நிரலர்கள் அதிகம் வந்துபோகும் ஓர் ஆவணத் தளம், திறமூலத் திட்டங்களுக்கென்று ஒதுக்கியிருக்கும் இலவச விளம்பர இடத்தை எங்களுக்கு ஒரு மாதம் கொடுத்திருக்கிறது. 300க்கு 250 பிக்சலில் ஒரு படம், அதன் கீழே 100 எழுத்துக்குள் ஒரு வரி என்பதே அளவு. படத்தில் நீல நிறப் பின்னணி, இரண்டு கைபேசிகள், நடுவில் எங்கள் இலச்சினை, ஓரத்தில் ஆப்பிள் இலச்சினையும் ஆண்ட்ராய்டு பொம்மையும் வைத்தோம். வரி ஆங்கிலத்தில் இருக்கிறது, அதன் பொருள் இதுதான்: “ஒரே நிரல், எல்லாக் கைபேசியிலும்! வேகமான, எளிய, ஆற்றல் மிக்க, முற்றிலும் இலவசமான கருவி. இன்றே தொடங்குங்கள்!”

இரண்டு வாரம் ஆயிற்று. ஆயிரக்கணக்கான முறை காட்டப்பட்டும் சொடுக்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களிலும் ஒருவர்கூடக் கருவியை நிறுவியதாகத் தெரியவில்லை. படத்தையும் வரியையும் ஒரே ஒரு முறை மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு. மூன்றாண்டு உழைப்பை ஒரு தீப்பெட்டி அளவு இடத்தில் சொல்லத் தெரியாமல் நிற்கிறோம். எதை மாற்ற வேண்டும் என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (ஐஓஎஸ் நிரலர்):

நண்பருக்கு வணக்கம். பதினோரு ஆண்டுகளாகக் கைபேசிச் செயலிகள் எழுதுகிறவன் என்ற முறையில், உங்கள் விளம்பரத்தைக் கண்டால் நான் ஏன் கடந்து போயிருப்பேன் என்பதைச் சொல்கிறேன்.

“ஒரு முறை எழுது, எங்கும் ஓட்டு” என்ற முழக்கத்தை 1990களில் ஜாவா என்ற நிரல்மொழிக்காக சன் நிறுவனம் பரப்பியது. அதன் பிறகு வந்த பல்தளக் கருவிகளில் (ஒரே நிரலைப் பல இயங்குதளங்களுக்குச் செயலியாக்குபவை) பெரும்பாலானவை அதையே வேறு சொற்களில் சொல்லிவிட்டன. 2015இல் ரியாக்ட் நேட்டிவ் என்ற பல்தளக் கருவி வெளிவந்தபோது அதை உருவாக்கியவர்கள் இந்த வாக்குறுதியிலிருந்து வேண்டுமென்றே விலகி, “ஒரு முறை கற்றுக்கொள், எங்கும் எழுது” என்று வைத்துக்கொண்டார்கள். முதல் முழக்கத்தை நம்பி ஏமாந்தவர்கள் எத்தனை பேர் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் 2015க்கு முந்தைய வரிக்கே திரும்பிப் போயிருக்கிறீர்கள்.

பல்தளக் கருவி என்று கேட்டதும் அனுபவமுள்ள நிரலரின் மனத்தில் எழும் முதல் கேள்வி, இது எந்தக் குடும்பம் என்பதே. கார்டோவா, அயோனிக் போல வெப்வியூவுக்குள் வலைப்பக்கத்தைக் காட்டுவதா, ஃபிளட்டர் போலத் திரையின் ஒவ்வொரு உறுப்பையும் தானே வரைவதா, ரியாக்ட் நேட்டிவ் போல இயங்குதளத்தின் சொந்த உறுப்புகளை அழைப்பதா? இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால், அதன் வேகம் எப்படி இருக்கும், எங்கே இடறும், தன் வேலைக்குப் பொருந்துமா என்பதில் பாதியை அவரே ஊகித்துக்கொள்வார். உங்கள் முதல் பத்தியில் “வெப்வியூ கிடையாது” என்று எழுதியிருக்கிறீர்கள். விளம்பரத்தில் இருந்திருக்க வேண்டிய சொற்கள் அவைதாம்; அங்கே “ஆற்றல் மிக்க” என்று நிற்கிறது.

இரண்டாவது கேள்வி, மூன்று ஆண்டு கழித்தும் இது இருக்குமா என்பது. இந்த அச்சம் காரணமில்லாமல் வரவில்லை. 2010 ஏப்ரலில் ஆப்பிள் தன் உரிம ஒப்பந்தத்தை மாற்றி, ஐபோன் செயலிகளை ஆப்ஜெக்டிவ்-சி, சி, சி++ அல்லது ஐபோனின் உலாவிப் பொறியான வெப்கிட்டில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றில்தான் முதலிலிருந்தே எழுதியிருக்க வேண்டும் என்று விதித்தபோது, பல கருவிகளின் எதிர்காலம் ஒரே இரவில் கேள்விக்குறியானது. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் விதியைத் தளர்த்தினார்கள். ஃபோன்கேப் என்ற பல்தளக் கருவியை அடோபி 2020இல் நிறுத்தியது. சமாரின் என்ற மற்றொரு கருவிக்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு 2024 மே 1ஆம் நாளோடு முடிந்தது. பெரிய நிறுவனங்களின் கருவிகளுக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத கருவியை நம்பித் தன் வாடிக்கையாளரின் செயலியை ஒப்படைக்க எவரும் தயங்கத்தான் செய்வார். மூன்று ஆண்டுகளாகப் பராமரிக்கிறீர்கள் என்பது உங்கள் வலிமை. கடைசி வெளியீட்டின் தேதியோடு அதை முன்னால் வையுங்கள்.

மறுமொழி 2 (விளம்பர வடிவமைப்பாளர்):

படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 300க்கு 250 என்ற அளவில் இரண்டு கைபேசிகளை வரைந்தால் ஒவ்வொன்றின் திரையும் நகத்தளவே இருக்கும். அதற்குள் என்ன இருக்கிறது என்று எவராலும் படிக்க முடியாது. முன்பின் அறியாத இலச்சினை பார்ப்பவருக்கு எதையும் சொல்லாது. இரண்டையும் எடுத்துவிட்டு, இடப் பக்கம் உங்கள் கருவியில் எழுதிய உண்மையான நிரல் ஐந்து வரியும், வலப் பக்கம் அந்த ஐந்து வரியால் உருவாகும் திரையும் வையுங்கள். நிரலரின் கண் நிரலைக் கண்டால் நிற்கும். படித்துப் பார்க்காமல் நகராது. எழுத்து அளவு 13 பிக்சலுக்குக் குறையாமலும், பின்னணி ஒரே நிறமாகவும் இருக்கட்டும்.

இன்னொன்று முக்கியம். ஆப்பிள் இலச்சினையை அவர்கள் அனுமதியின்றி மற்றவர் விளம்பரத்தில் வைக்கக் கூடாது. ஆண்ட்ராய்டு பொம்மையை கிரியேட்டிவ் காமன்ஸ் 3.0 உரிமத்தின்படி பயன்படுத்தலாம்; ஆனால் கூகுளுக்கு உரிய நன்றிக்குறிப்பைச் சேர்க்க வேண்டும், அதற்கு இந்தக் கட்டத்தில் இடமில்லை. இரண்டையும் நீக்கிவிட்டுப் பெயர்களை எழுத்தில் எழுதினாலே போதும்.

கேட்பவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. இலச்சினை பற்றிய விதி எங்களுக்குத் தெரியாது, இன்றே நீக்குகிறோம். நேற்று இரவு நால்வரும் உட்கார்ந்து வரியை இப்படி மாற்றினோம்: “டைப்ஸ்கிரிப்டில் எழுதுங்கள். ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் செயலிகளை விண்டோஸ் கணினியிலேயே உருவாக்குங்கள். முற்றிலும் இலவசம்.” இது சரியாக இருக்கிறதா?

மறுமொழி 3 (திறமூலத் திட்டப் பராமரிப்பாளர்):

அருள்கூர்ந்து இதை அனுப்பிவிடாதீர்கள். ஐஓஎஸ் செயலியைத் தொகுத்துக் கையொப்பமிட்டு ஆப் ஸ்டோருக்கு அனுப்ப ஆப்பிளின் எக்ஸ்கோடு என்ற மென்பொருள் வேண்டும். எக்ஸ்கோடு ஆப்பிளின் மேக் கணினியில் மட்டுமே ஓடும். விண்டோஸில் எழுதி முன்னோட்டம் பார்க்கும் வசதி உங்கள் கருவியில் இருக்கலாம். ஆனால் கடைசிப் படியில் சொந்த மேக்கோ வாடகை மேக்கோ இல்லாமல் ஒருவர் திகைத்து நிற்கும்போது, அவர் குறை சொல்வது ஆப்பிளை அன்று, உங்களைத்தான். ஒரே ஒரு முறை அப்படி நேர்ந்தால் அவர் திரும்பி வரமாட்டார். தன்னுடன் பணியாற்றுகிறவர்களிடமும் சொல்லிவிடுவார்.

“முற்றிலும் இலவசம்” என்பதும் அப்படியே. கருவி இலவசம், செயலியை வெளியிடுவது இலவசமில்லை. ஆப்பிளின் நிரலர் திட்டத்துக்கு ஆண்டுதோறும் 99 டாலர், கூகுள் பிளேயில் கணக்குத் தொடங்க ஒரு முறை 25 டாலர் கட்ட வேண்டியிருக்கிறது. மேலும், “இலவசம்” என்று சொல்லும் மென்பொருள்களில் பல, சில நாள் கழித்துக் கட்டணம் கேட்பவை என்பதால், அந்தச் சொல்லே ஐயத்தைக் கிளப்புகிறது. அதற்குப் பதில் “எம்ஐடி உரிமம்” என்று எழுதுங்கள். கைபேசி உலகில் உரிமத்தின் பெயர் வெறும் சடங்கு கிடையாது. விஎல்சி காணொளி இயக்கியின் ஜிபிஎல் என்ற திறமூல உரிமம் ஆப் ஸ்டோர் விதிகளோடு பொருந்தவில்லை என்ற முறையீட்டால் அது 2011 சனவரியில் அங்கிருந்து நீக்கப்பட்டது; உரிமத்தை மாற்றிய பிறகு 2013இல்தான் திரும்பி வந்தது. வலைப்பக்க இடைமுகம் எழுத உதவும் ரியாக்ட் நூலகத்தின் உரிமத்தோடு ஒட்டியிருந்த காப்புரிமைச் சரத்துக்கு எழுந்த எதிர்ப்பின் விளைவாகவே 2017இல் அதுவும் எம்ஐடிக்கு மாறியது. இவற்றைக் கண்டவர்கள் உரிமத்தின் பெயரைத் தேடிப் பார்த்த பிறகுதான் மற்றதைப் படிக்கிறார்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. சொடுக்கியவர்களும் நிறுவவில்லை என்றீர்களே, அது என் மனத்தை உறுத்தியதால் உங்கள் விளம்பரம் கொண்டுசேர்க்கும் பக்கத்துக்குப் போய், அங்கே சொல்லியிருந்தபடியே புதிய கணினி ஒன்றில் செய்து பார்த்தேன். முதல் திரை முழுவதும் திட்டத்தின் வரலாறு இருக்கிறது; நிறுவும் கட்டளை மூன்றாவது திரையில் வருகிறது. அங்கே ஜேடிகே (ஜாவா நிரலாக்கக் கருவித்தொகுப்பு) 11 போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மாதிரித் திட்டத்தில் இருப்பது ஆண்ட்ராய்டு செயலியைத் தொகுக்க உதவும் ஆண்ட்ராய்டு கிரேடில் பிளக்இன்னின் 8ஆம் பதிப்பு. அதற்கு ஜேடிகே 17 வேண்டும். ஆகவே முதல் பில்டே, அதாவது நிரலைச் செயலியாகத் தொகுக்கும் முதல் முயற்சியே, பிழையோடு நின்றுவிட்டது. விளம்பரத்தை எவ்வளவு திருத்தினாலும், வந்தவர் வாசற்படியிலேயே தடுக்கி விழுந்தால் பயனில்லை.

கேட்பவர்:

ஐயா, உங்கள் நேரத்தைச் செலவிட்டுச் செய்து பார்த்ததற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நாங்கள் நால்வரும் ஜேடிகே 17ஐ எப்போதோ நிறுவிவிட்டதால் இந்தப் பிழை எங்கள் கணினிகளில் தோன்றவே இல்லை. ஆவணத்தை மட்டும் மாற்ற மறந்துவிட்டோம். இப்போது திருத்திவிட்டோம். விளம்பரத்துக்கென்று தனிப் பக்கம் ஒன்றும் எழுதியிருக்கிறோம்: படத்தில் உள்ள அதே ஐந்து வரி நிரல், அதன் கீழே அப்படியே நகலெடுக்கக்கூடிய கட்டளை, அதற்கும் கீழே முன்தேவைகள். ஐஓஎஸ் பில்டுக்கு மேக் தேவை என்பதையும், ஆண்ட்ராய்டு செயலி உருவாக்கும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் தரவிறக்க நேரம் பிடிக்கும் என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறோம்.

புதிய வரி: “டைப்ஸ்கிரிப்டில் எழுதுங்கள், வெப்வியூ இல்லாத ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் செயலி பெறுங்கள். எம்ஐடி உரிமம்.” ஆங்கிலத்தில் 80 எழுத்துக்குள் அடங்கிவிட்டது. மூன்று ஆண்டுப் பராமரிப்பையும் கடைசி வெளியீட்டுத் தேதியையும் வரியில் சேர்த்தால் நெருக்கமாகிறது. எனவே பக்கத்தின் தலைப்பிலேயே வைத்துவிட்டோம்.

மறுமொழி 1 (ஐஓஎஸ் நிரலர்):

இப்போது என் கண்ணில் பட்டால் நிச்சயம் சொடுக்குவேன். “இன்றே தொடங்குங்கள்” போனது நல்லது. படத்தில் வைக்கும் ஐந்து வரிகளாக வணக்கம் சொல்லும் எளிய எடுத்துக்காட்டைப் போடாமல், நீண்ட பட்டியலைக் கீழிழுத்துப் புதுப்பிக்கும் நிரலைப் போடுங்கள். வெப்வியூ செயலிகள் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான். இத்துறையில் இருப்பவர் உடனே புரிந்துகொள்வார்.

மறுமொழி 3 (திறமூலத் திட்டப் பராமரிப்பாளர்):

அளவிடுவதைப் பற்றி ஒரு சொல். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பின் வருகைப் பக்கம் கடைசி 14 நாள் விவரத்தை மட்டுமே காட்டும். உங்களுக்கு எஞ்சியிருப்பதும் ஏறத்தாழ அவ்வளவே. இன்றே ஒரு கோப்பில் எண்களைக் குறித்துக்கொண்டு, பிறகு வாரந்தோறும் குறித்து வாருங்கள். விளம்பர இணைப்பில் தனி அடையாளக்குறி சேர்த்தால் யார் எங்கிருந்து வந்தார் என்பது தெளிவாகும். கிட்ஹப்பில் பயனர்கள் இடும் நட்சத்திரங்களின் எண்ணிக்கையை நான் பெரிதாக மதிப்பதில்லை. முன்பின் தெரியாத ஒருவர் தன் செயலியில் வந்த சிக்கலைப் பற்றி எழுதும் முதல் பிழைப்பதிவு வந்தால், விளம்பரம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று கொள்ளுங்கள். அதற்கு ஒரே நாளில் பதில் எழுதுங்கள்.

கேட்பவர்:

பட்டியல் நிரலையே வைத்துவிட்டோம். கீழிழுத்துப் புதுப்பிப்பது சேர்ந்ததும் ஆறு வரியாயிற்று, எழுத்து 13 பிக்சலிலேயே நிற்கிறது. எண்களையும் குறித்துக்கொண்டோம். இன்று மாலை படத்தையும் வரியையும் அனுப்பினோம், நாளை முதல் மாறிவிடும் என்று பதில் வந்திருக்கிறது. பிழைப்பதிவுகளுக்குப் பதில் எழுத நால்வரும் நாள் வகுத்துக்கொண்டிருக்கிறோம். நாளை என் முறை.