ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி? தோட்டத்துப் பிள்ளைகளின் பல் பற்றிச் சில பகிர்வுகள்

பாடசாலைப் பல் சிகிச்சையாளர், ஹட்டன் பக்கம்

முன்பள்ளிக்கு வரும் பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால் அந்த வீட்டில் இரவில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். மேல்வரிசை முன்பற்கள் நாலும் ஈறோரம் பழுப்பாகக் கரைந்திருக்கும். கீழ் முன்பற்கள் சுத்தமாக இருக்கும். சூப்பிப் போத்தலை வாயில் வைத்தபடியே தூங்கும் பிள்ளையின் அடையாளம் அது. கீழ்ப்பல்லை நாக்கு மூடிக்கொள்கிறது, எச்சிலும் அங்கேதான் வந்து ஊறுகிறது. மேல்பல்லுக்கு அந்தக் காவல் கிடையாது. தூக்கத்தில் எச்சில் சுரப்பதே குறைந்துவிடும். போத்தலில் இருப்பது சீனி கலந்த பால்மாவோ பால்தேத்தண்ணியோ, எதுவானாலும் விடியும்வரை பல்லோரம் தேங்கி நிற்கும்.

பழுப்பாவதற்கு முன்னால் ஒரு கட்டம் உண்டு. ஈறோரத்தில் சுண்ணாம்பு தீட்டிய மாதிரி ஒரு வெள்ளைக் கோடு விழும். அப்போது பல் இன்னும் ஓட்டையாகவில்லை, மேற்பூச்சிலிருந்து சுண்ணச்சத்து கழன்றுகொண்டிருக்கிறது. இரவுப் போத்தலை நிறுத்தி, புளோரைட் உள்ள பற்பசையால் இரண்டு வேளையும் துலக்கினால் அந்த இடம் மறுபடி இறுகும். பழுப்பாகிக் குழி விழுந்த பிறகு வீட்டு வைத்தியம் எதுவும் அதை நிரப்பாது. எனவே மாதம் ஒரு தடவை பாருங்கள். பகல் வெளிச்சத்தில் வாசலில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் மல்லாத்தி, உதட்டைத் தூக்கி, சுத்தமான துணியால் பல்லை ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். ஈரப் பல்லில் அந்த வெள்ளைக் கோடு கண்ணுக்குப் படாது.

பல் எப்படிக் கரைகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புழு எதுவும் இல்லை. பல்லில் படியும் அழுக்கில் இருக்கும் கிருமிகள் சீனியைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. சீனி வாய்க்குள் போன சில நிமிடங்களிலேயே அங்கே அமிலத்தன்மை ஏறி, பி.எச். அளவு (அமிலம் கூடக்கூடக் குறையும் எண்) 5.5க்குக் கீழே இறங்கிவிடும். அந்த அளவில்தான் பல்லின் மேற்பூச்சு கரையத் தொடங்கும். எச்சில் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர 20 முதல் 40 நிமிடம் வரை எடுக்கும். இனி லயத்துப் பிள்ளையின், அதாவது தோட்டத்து வரிசை வீட்டுப் பிள்ளையின், ஒரு நாளைக் கணக்குப் பாருங்கள். விடியற்காலைத் தேத்தண்ணி, பத்து மணித் தேத்தண்ணி, பள்ளி விட்டு வந்ததும் ஒன்று, நாலரைக்கு ஒன்று, படுக்கும்முன் ஒன்று. நடுவில் பிஸ்கட் இரண்டு தடவை, கடையில் டொபி ஒரு தடவை. எட்டுத் தடவை, தடவைக்கு அரை மணி என்றால் நாலு மணி நேரம் பல் அமிலத்தில் ஊறுகிறது. இரண்டு கரண்டிச் சீனியை ஒரே கோப்பையில் குடித்து முடிப்பதைவிட, அதையே நாலு கோப்பைக்குப் பிரித்துக் குடிப்பது பல்லுக்குக் கூடுதல் கேடு.

பிள்ளைக்காம்பராப் பொறுப்பாளர், பதுளை மாவட்டம்

நீங்கள் தடவைக் கணக்குச் சொன்னது சரி. ஆனால் அளவையும் விட்டுவிட முடியாது. ஒரு கோப்பைக்கு மூன்று கரண்டி போடும் வீட்டில் தடவையைக் குறைத்தாலும் நாக்கு இனிப்பைத்தான் தேடும். பிள்ளை பிறகு சோற்றையும் கீரையையும் தள்ளிவிடும்.

சீனியை ஒரேயடியாக நிறுத்தினால் பிள்ளை கோப்பையைத் தள்ளும், பாட்டி மறைவாகப் போட்டுக் கொடுப்பார். வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைக்க வேண்டும். இரண்டு கரண்டி குடித்த பிள்ளை நாலு வாரத்தில் சீனி இல்லாமல் குடிக்கும். கரண்டியைக் குவித்துப் போடுவதா, மட்டமாகப் போடுவதா என்பதையும் வீட்டில் எல்லாரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு கரண்டிக் கணக்கு இருந்தால் எதுவுமே குறையாது. உள்ளங்கையில் சீனியையோ ஒரு துண்டுக் கருப்பட்டியையோ வைத்து நக்கிக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிக்கும் பழக்கத்தைப் பிள்ளைக்குக் காட்டாதீர்கள். சீனி மிச்சமாகிறது என்று பெரியவர்கள் நினைப்பார்கள். ஆனால் ஒரு கோப்பை முடியும்வரை இருபது தடவை இனிப்பு நேராகப் பல்லில் படுகிறது. கித்துள் கருப்பட்டிக்கும் வெள்ளைச் சீனிக்கும் பல் வித்தியாசம் பார்ப்பதில்லை.

கொழுந்து பறிக்கப் போகும் அம்மா காலையில் அவசரமாகப் பிள்ளைக்காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில், பிள்ளையை விடும்போது பையில் வைக்கக் கைக்குக் கிடைப்பது பிஸ்கட் பைக்கட்தான். குறை சொல்ல முடியாது. ஆனால் கிரீம் பிஸ்கட்டும் மாரி பிஸ்கட்டும் கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் பசை மாதிரி அப்பிக்கொள்ளும். இனிப்பில்லாத கிரீம் கிரேக்கரும் அப்படித்தான் ஒட்டும், மாச்சத்தும் வாயிலேயே சீனியாக உடையும். கொடுத்தால் பின்னால் நாலு மடக்குத் தண்ணீர் கொடுங்கள்.

அதற்குப் பதிலாகக் கடலை, பாசிப்பயறு, கவ்பி. ஒரு பிள்ளைக்கு ஒரு சிறங்கை போதும். முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும், எட்டு மணி நேரமாவது. நுவரெலியா மாதிரி 1,800 மீட்டருக்கு மேலே இருக்கும் இடத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால்தான் கீழ்நாட்டில் வேகும் நேரத்தில் இங்கே கடலை வேகாது. ஊறாத கடலையை அரைவேக்காட்டில் இறக்கிக் கொடுத்தால் பிள்ளை துப்பிவிடும், அடுத்த நாள் மறுபடி பிஸ்கட்தான். குக்கர் இருந்தால் விசில் இரண்டு கூட்டி வையுங்கள். உப்பும் தேங்காய்ப்பூவும் போதும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் நன்றாக மசித்துத்தான் கொடுக்க வேண்டும். முழுக் கடலை தொண்டையில் சிக்கும்.

கரட் நம்ம ஊர்ச் சாமான், விலையும் மற்ற இடத்தைவிடப் பரவாயில்லை. பச்சைக் கரட் கடிப்பது பெரிய பிள்ளைகளுக்கு நல்லது. நாலு வயது வரைக்கும் விரல் கனத்துக்கு நீளமாக வெட்டி, நசுங்கும் அளவுக்கு ஆவியில் அவித்துக் கொடுங்கள். கொய்யா, பேரிக்காய், அவித்த வற்றாளங்கிழங்கு எல்லாம் பத்து மணிக்கு ஏற்றவை. நெத்தலிக் கருவாட்டைத் தலையைக் கிள்ளிவிட்டு முள்ளோடு நொறுங்கப் பொரித்துச் சோற்றில் பிசைந்தால் சுண்ணச்சத்துக்கு வேறெங்கும் போக வேண்டாம். சின்னவர்களுக்கு இடித்துத் தூளாக்குங்கள்.

கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவைப் பற்றி ஒரு வார்த்தை. சீனியும் தேங்காயும் போட்டு உருண்டை பிடிப்பதுதான் எல்லா வீட்டிலும் வழக்கம். சீனிக்குப் பதில் நன்றாகப் பழுத்த கதலிப்பழம் அரைவாசியை மசித்துப் போட்டால் உருண்டை அதே மாதிரிப் பிடிபடும். அதுவும் பல்லில் ஒட்டத்தான் செய்யும், ஆகவே தண்ணீர் மறக்க வேண்டாம்.

குடும்ப நல மருத்துவமாது, பண்டாரவளைப் பகுதி

இரவுப் போத்தலை நிறுத்தும் முறை கேட்பவர்களுக்கு: ஒரு வயது தாண்டிய பிள்ளை என்றால் மட்டும் இது. முதலில் சீனியை நிறுத்துங்கள், பால் அப்படியே இருக்கட்டும். நாலைந்து நாள் போனதும் படுக்கைப் போத்தலில் மட்டும் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுங்கள். பத்து நாளில் வெறும் தண்ணீர்தான் இருக்கும், பிள்ளைக்கே அலுத்துப்போகும். பகல் பாலை ஒருபோதும் தண்ணீராக்கக் கூடாது, அது சாப்பாடு. அதைக் கோப்பையில் கொடுங்கள், ஆறு மாதத்திலிருந்தே கோப்பையில் பழக்கலாம். ஆறு மாதத்துக்குக் கீழே தாய்ப்பால் ஒன்றுதான். சீனித் தண்ணீரும் தேனும் நாக்கில் தடவக் கூடாது.

இருமல் மருந்தும் காய்ச்சல் பாணியும் பெரும்பாலும் இனிப்புச் சேர்த்தவைதான். இரவு மருந்து கொடுத்ததும் இரண்டு மடக்குத் தண்ணீர் குடிக்கவைத்துத் தூங்க விடுங்கள். அம்மா ருசி பார்த்த கரண்டியையே பிள்ளையின் வாயில் வைத்தால் அம்மாவின் சொத்தைப் பல் கிருமி பிள்ளைக்குப் போகும். பிள்ளைக்குத் தனிக் கரண்டி வையுங்கள், அம்மாவின் சொத்தையையும் அடைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பப் பிரிவு ஆசிரியை, தலவாக்கலை

வகுப்பில் வாயால் சொல்லிப் பயனில்லை, கண்ணால் காட்ட வேண்டும். ஒரு முட்டை ஓட்டைத் தேசிக்காய்ச் சாற்றில் போட்டு வையுங்கள். உடனே சின்னக் குமிழிகள் கிளம்பும். ஓடு சாற்றுக்குள் முழுசாக மூழ்க வேண்டும், அடுத்த நாள் சாற்றை மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேலை பாதியில் நின்றுவிடும். ஒன்றிரண்டு நாளில் ஓடு மெலிந்து கையில் நசுங்கும். "புளிப்பு சாப்பிட்டால்தான் பல் போகுமா டீச்சர்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். இனிப்பைத் தின்று கிருமி செய்வதும் அமிலம்தான் என்று அங்கேதான் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் போய் ஊறுகாயை மட்டும் குறை சொல்லும்.

பெரிய வகுப்புக்குக் கடைச் சரக்கு வாசிக்கும் வேலை கொடுக்கலாம். 2016இலிருந்து இங்கே விற்கும் இனிப்புப் பானங்களில் நிறக் குறி போட வேண்டும் என்பது சட்டம். 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. காலிப் பைக்கட்டுகளைச் சேர்த்து, எண்ணை வாசித்து, சீனியைக் கரண்டியில் அளந்து மேசையில் குவிக்கச் சொல்லுங்கள். செம்மஞ்சள் என்றால் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். 100 மில்லியில் 10 கிராம் உள்ள பானமும் செம்மஞ்சள்தான். 200 மில்லிப் பைக்கட் ஒன்றில் 20 கிராம், அதாவது ஐந்து சின்னக் கரண்டி.

எல்லே, கிரிக்கட் விளையாடும் பிள்ளைகளுக்கு இன்னொரு ஆபத்து. மட்டையோ பந்தோ பட்டு நிரந்தர முன்பல் முழுசாகக் கழன்று விழுந்தால் முதல் அரை மணி நேரம்தான் தங்கம். பல்லை வேர்ப்பக்கம் தொடாமல் தலைப்பக்கத்தைப் பிடித்து எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சுத்தமான தண்ணீரிலோ ஒரு நொடி அலசுங்கள், தேய்க்க வேண்டாம். முன்பக்கம் முன்னால் வரும்படி குழியில் திரும்பச் செருகி, மடித்த கைக்குட்டையைக் கடிக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். செருகப் பயமாக இருந்தால் ஆறிய பாலில் போட்டுக் கொண்டுபோகலாம். கடதாசியில் சுற்றினால் வேரின் மேல்தோல் காய்ந்து பல் பிழைக்காது. தோட்டத்திலிருந்து பாதைக்கு வரவே அரை மணி ஆகும் இடங்களில், செருகிக்கொண்டு கிளம்புவதுதான் வழி. பால் பல் விழுந்தால் செருகவே கூடாது, கீழே வளரும் பல்லின் மொட்டு கெடும்.

பாடசாலைப் பல் சிகிச்சையாளர், ஹட்டன் பக்கம்

டீச்சர் பால் பல் என்றதும் ஞாபகம் வந்தது. "பால் பல்லுதானே, விழுந்திடும்" என்று விடுவதில் இரண்டு பிசகு. முன்பற்கள் ஆறேழு வயதில் விழும், சரி. கடைவாய்ப் பால் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை நிற்க வேண்டியவை. முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து, பின்னால் வரும் பல்லுக்கு இடமில்லாமல் போகும். இரண்டாவது, ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமலே கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கும். அதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஆயுளுக்கும் நிற்க வேண்டிய பல் அது, பள்ளம் ஆழமாக இருக்கும். முழுசாக வளர ஒரு வருடம் வரை எடுக்கும், அதுவரை மற்றப் பல்லைவிடத் தாழ்ந்து கிடப்பதால் பிரஷ் அதன் மேலே படாமல் போகும். பிரஷைக் கன்னத்துப் பக்கமிருந்து குறுக்கே நுழைத்து அந்த ஒரு பல்லை மட்டும் தனியாகத் தேயுங்கள்.

மூன்று வயதுக்குக் கீழே பற்பசை அரிசிமணி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு. விளம்பரத்தில் வருகிற மாதிரி பிரஷ் நீளத்துக்குப் பிதுக்கினால் பிள்ளை விழுங்கத்தான் செய்யும். டியூபின் பின்பக்கம் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) புளோரைட் இருக்கிறதா என்று பாருங்கள், மூலிகைப் பசைகள் சிலவற்றில் இருக்காது. அநுராதபுரம், பொலன்னறுவைக் கிணறுகளில் புளோரைட் கூடுதல் என்று கேட்டுப் பயப்படுகிறவர்கள் உண்டு. அது வரண்ட வலயத்துக் கதை. மலையகத்து ஊற்றுத் தண்ணீரில் அது பொதுவாகக் குறைவு, பசையில்தான் கிடைக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால் தேயிலைச் செடியே மண்ணிலிருந்து புளோரைட்டை இலையில் சேர்த்து வைக்கிறது. நாம் அதில் சீனியைப் போட்டுக் கெடுக்கிறோம். இதைச் சொல்லிச் சின்னப் பிள்ளைக்கு வெறுந்தேத்தண்ணி ஊற்றவும் வேண்டாம், சாப்பாட்டிலிருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேராமல் அது தடுக்கும்.

சாம்பல், கரி, செங்கல் தூள் எல்லாம் மேற்பூச்சைத் தேய்த்துவிடும். பெரியவர்களுக்கும் வேண்டாம்.

ஏழெட்டு வயது வரை பெரியவர் கைதான் துலக்க வேண்டும். பிள்ளையை உங்களுக்கு முதுகு காட்டி நிறுத்தி, தலையை உங்கள் வயிற்றில் சாய்த்து, இடக்கையால் உதட்டை விலக்குங்கள். இரண்டு நிமிடம். முடிந்ததும் நுரையைத் துப்பினால் போதும், வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பசையின் வேலை கழுவிக்கொண்டு போய்விடும். ஒரு வேளைதான் முடியும் என்கிற வீட்டில் அது இரவு வேளையாக இருக்கட்டும். காலையில் பீலித் தண்ணீரின் குளிருக்குப் பயந்து பிள்ளை பிரஷை நனைத்துவிட்டு ஓடிவரும். இரவில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், ஒரு டம்ளர் வெதுவெதுத் தண்ணீரோடு உள்ளேயே துலக்கிவிடலாம். அதன் பிறகு தண்ணீர் தவிர எதுவும் கிடையாது.

வலிக்கிற பல்லின் ஈறில் டிஸ்பிரின் வில்லையை வைத்து அடக்க வேண்டாம், ஈறு வெந்துபோகும். ஈறில் சீழ்க்கொப்புளம் கண்டால் அந்த வாரமே பல் சிகிச்சை நிலையத்துக்கு வாருங்கள். 13 வயது வரை பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கண் பக்கமோ கழுத்துப் பக்கமோ வீக்கம் ஏறினால் இரவானாலும் காத்திருக்காதீர்கள்.

பிள்ளைக்காம்பராப் பொறுப்பாளர், பதுளை மாவட்டம்

பிரஷ் வைக்கும் இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பனிமூட்ட மாதங்களில் எதுவும் காயாது. மூடி போட்டு வைத்த பிரஷில் பூஞ்சணம் பிடிக்கும். எல்லார் பிரஷையும் ஒரே டம்ளரில் முகத்தோடு முகம் முட்ட வைக்காமல், ஒரு டின் மூடியில் துளை போட்டு, தலை மேலே தெரிய எட்டி எட்டிச் செருகி, அடுப்படிச் சுவரில் புகை படாத பக்கமாக வையுங்கள். காம்பில் ஆளுக்கொரு நிற நூல் கட்டினால் மாறிப்போகாது. மயிர் விரிந்துவிட்டால் மூன்று மாதம் ஆகாவிட்டாலும் மாற்றுங்கள்.