புது நாட்டில் குடியேறிய யூதக் குடும்பங்கள்: நீங்கள் பார்த்தது, பழகியது

பாலைவனவாசி:

போஸ்ட்டாக்குக்காக, அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சிக்காக, மூன்று வருடம் இஸ்ரேலில் பீர்ஷெவாவில் இருந்தேன். பக்கத்திலேயே நெவாதிம் என்று ஒரு மோஷாவ், அதாவது கூட்டுறவு விவசாயக் கிராமம். கொச்சி யூதர்களை 1954-ல் கொண்டுவந்து குடிவைத்த இடம். அந்த ஊர்க்காரர் ஒருவர் எங்கள் கட்டடத்தில் வேலை பார்த்தார். நான் தமிழன் என்று தெரிந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிடக் கூப்பிட்டார். "சப்பாத் தொடங்குவதற்குள் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன்" என்று அவரே சொன்னார். சப்பாத் என்பது யூதர்களின் வார ஓய்வுநாள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் பஸ் கிடையாது.

வாசலில் ஒரு கறிவேப்பிலைச் செடி. உள்ளே அவருடைய அம்மா, எழுபது தாண்டியவர். என்னைப் பார்த்ததும் "ஊணு கழிச்சோ?" என்றார். சாப்பிடத்தான் வந்திருக்கிறேன், அதற்கு என்ன பதில் சொல்வது? இவர்களுடைய முன்னோருக்குச் சேர மன்னன் பாஸ்கர ரவி வர்மன் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது என்று எங்கோ படித்திருந்தேன். ஆயிரம் வருடப் பழக்கம் எனக்கு ஒரு தட்டு மீன்குழம்புச் சோறாக வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டி ஒன்பது வயதில் வந்தவராம். கிளம்புவதற்கு முன்னால் கொச்சியில் ராத்திரி தூக்கத்தில் எழுப்பி விரலில் குத்தி ரத்தம் எடுத்ததுதான் அவருக்கு முதல் ஞாபகம். யானைக்கால் கிருமி இரவில்தான் ரத்தத்தில் நன்றாகத் தெரியும். அந்த நோய் இங்கேயும் பரவிவிடும் என்ற பயத்தில்தான் கொச்சிக்காரர்களின் பயணமே சில வருடம் தள்ளிப்போனது.

வந்து இறங்கினால் மண், கல், காற்று. கொச்சியில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டும். இங்கே வருடம் முழுக்கச் சேர்த்தாலும் 200 மில்லிமீட்டர் தேறினால் பெரிது. அதையெல்லாம் பாட்டி லேசாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சோறு என்று வந்ததும்தான் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்.

அப்போது இஸ்ரேலில் ரேஷன் காலம், அரிசி லேசில் கிடைக்காது. அதற்குப் பதிலாகக் கோதுமை மாவை அரிசி வடிவில் பிடித்து வறுத்து விற்றார்கள். பெயர் ப்தீதிம். பிரதமர் பென் குரியன் சொல்லிச் செய்தது என்பதால் மக்கள் வைத்த பெயர் 'பென் குரியன் அரிசி'. பாட்டியின் அம்மா அதை அரிசி என்றே நம்பி, களைந்து, உலையில் போட்டு, வெந்ததும் கஞ்சி வடிக்கப் பானையைச் சாய்த்திருக்கிறார். கஞ்சி வரவில்லை. மொத்தமும் களியாக மூடியோடு ஒட்டிக்கொண்டு நின்றதாம். அதன் மேலேயே குழம்பை ஊற்றிக் கொடுத்திருக்கிறார். "அம்மா அன்னிக்குச் சாப்பிடலை" என்றார் பாட்டி, மலையாளமும் ஹீப்ருவும் கலந்து.

இன்னொன்றும் சொன்னார். பஸ்கா என்ற ஒரு வார யூதப் பண்டிகை வந்தால் கொச்சியில் கிணற்றைக்கூட இறைத்துச் சுத்தம் செய்வார்களாம். பண்டிகை அரிசியைப் பல நாள் முன்பே பொறுக்கித் தனியாக எடுத்துவைப்பார்கள். இங்கே வந்தபின், போலந்திலிருந்து வந்த ஒரு பெண்மணி இவர்கள் பஸ்காவுக்குச் சோறு பொங்குவதைப் பார்த்துவிட்டு, "நீங்கள் யூதர்கள்தானா?" என்று கேட்டுவிட்டாராம். ஐரோப்பிய யூதர்கள் அந்த ஒரு வாரம் அரிசியைத் தொடமாட்டார்கள், கொச்சிக்காரர்களுக்குச் சோறு சாப்பிடுவது வழக்கம். இரண்டுமே சாஸ்திரப்படி சரிதான். ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கிணறு கழுவினவர்களைப் பார்த்து அப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்? பாட்டிக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

மாடிவீட்டு மணி:

அண்ணா, "நீங்கள் யூதர்கள்தானா" கேள்வியை நானும் நேரில் பார்த்திருக்கிறேன். நான் இருந்தது இஸ்ரேலிலேயே ரெகோவோத் என்ற ஊரில். 2022-ல் கீழ்வீட்டுக்கு உக்ரைனின் கார்கிவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அம்மா, பையன், தாத்தா. அந்த அக்கா அங்கே பல் டாக்டர். இங்கே மறுபடி டாக்டராக வேலை பார்க்க ஹீப்ரு வேண்டும் என்பதால் காலையில் உல்பான் மொழி வகுப்பு, மாலையில் அலுவலகம் கூட்டும் வேலை. நாங்கள் இருவரும் தண்ணீர் பில்லை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிப்போம். அச்சிலே உயிர்க்குறி போடமாட்டார்கள், பாதி ஊகம்தான்.

டிசம்பர் கடைசியில் பால்கனியில் ஜிகினா சுற்றி ஒரு சின்ன பிளாஸ்டிக் மரம் வைத்தார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் வந்து, யூத வீட்டில் கிறிஸ்துமஸ் மரமா என்று சத்தம் போட்டார். அக்காவுக்கு அவ்வளவு வேகமாகப் பேச ஹீப்ரு வரவில்லை, அழுகைதான் வந்தது. பத்து வயதுப் பையன் முன்னால் வந்து, "இது நோவி கோத், வருடப்பிறப்பு. சாமி சம்பந்தமே இல்லை" என்றான். உண்மைதான். சோவியத்தில் மதப் பண்டிகைகளை ஒழித்துவிட்டு, 1935-க்குப் பிறகு அந்த மரத்தைப் புத்தாண்டுக்கென்று திரும்ப விட்டார்கள். யூத வீடுகளிலும் வைத்தார்கள். பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். மரத்தை அவர்கள் எடுக்கவில்லை, கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார்கள், அவ்வளவுதான். ஜனவரி 1 அங்கே விடுமுறையும் இல்லை, பையன் தூங்கி வழிந்துகொண்டே ஸ்கூலுக்குப் போனான்.

கோமதி_நெல்லை:

பாலைவனவாசி சார், அந்தப் பாட்டிக்கு இப்போதாவது நல்ல அரிசி கிடைக்கிறதா?

பாலைவனவாசி:

கிடைக்கிறது மேடம். பாஸ்மதி, தாய்லாந்து அரிசி எல்லாம் கடையில் மூட்டையாக இருக்கிறது. ஆனால் பாட்டி கேட்டது கேரளச் சிவப்பரிசி. லீவு முடிந்து திரும்பும்போது ஐந்து கிலோ கட்டிக்கொண்டு போனேன். விமான நிலையத்தில் பையைத் திறந்து, இது என்ன, யாருக்கு, அவரை எப்படித் தெரியும் என்று கால் மணி நேரம் கேள்வி. கொண்டுபோய்க் கொடுத்தால், ஒரு பிடி அள்ளி முகர்ந்துபார்த்துவிட்டு, "பழைய அரிசி, உன்னை ஏமாத்திட்டான்" என்றார்.

ஆனாலும் உலை வைத்தார். கஞ்சியை எனக்கு ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார், உப்புப் போட்டு.