சுவர் ஸ்பீக்கருக்குப் பின்னால் பெட்டி: 10 லிட்டர் போதுமா?

எட்டு_ஓம்:
"சுவருக்குள் பதிக்கிற ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் பின்னால் 10 லிட்டர் பெட்டி அடித்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் பேஸ் வராது" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஒரு 6.5 அங்குல வூஃபரை (பேஸ் தருகிற ஸ்பீக்கரை) எடுத்துக்கொள்ளுங்கள்: க்யூடிஎஸ் (அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்பதன் அளவு, கூடினால் அடக்கம் குறைவு) 0.6, விஏஎஸ் (கூம்பின் தொங்கலுக்கு ஈடான காற்றின் அளவு) 30 லிட்டர், ஒத்ததிர்வு (கூம்பு தானாக அதிர்கிற அலைவெண்) 45 ஹெர்ட்ஸ். 30-ஐ 10-ஆல் வகுத்து 1 கூட்டினால் 4, அதன் வர்க்கமூலம் 2. பெட்டிக்குள் போனதும் இரண்டும் அந்த 2 மடங்காகும்: க்யூ 1.2 ஆகிறது, ஒத்ததிர்வு 90 ஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது. 110 ஹெர்ட்ஸ் பக்கம் சத்தத்தில் 2.4 டெசிபெல் மேடு, அதற்குக் கீழே சரிவு. ஆண் குரல் பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்கும். ஜிப்சம் சுவரில் இரண்டு சட்டத்துக்கு நடுவே 37 செ.மீ அகலம், 9 செ.மீ ஆழம், 230 செ.மீ உயரம் இருந்தால் 76 லிட்டர். அதே வூஃபருக்கு அதில் க்யூ 0.71, மேடே இல்லை. பெட்டியே வேண்டாம்.

கரணைக்காரன்:
எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். செங்கல் சுவர்ல 76 லிட்டருக்கு எங்கே போறது? 30 அகலம், 37 உயரம், 9 ஆழம் கொத்தினா கிடைக்கிறதே 10 லிட்டர்தான். அதுக்குள்ள பெட்டி இல்லாம மாட்டினா பூச்சு மணல் உதிர்ந்துக்கிட்டே இருக்கும், ஸ்பைடர் (கூம்பைப் பின்னால தாங்குற துணி வளையம்) மேல உட்காரும். நீங்க கணக்கு போடுங்க, நான் சுவர் போடுறேன்.

எட்டு_ஓம்:
உதிர்கிற மணலைத் தடுக்கப் பெட்டி தேவையில்லை. குழியின் உள்பக்கத்தை வழவழப்பாகப் பூசி, காய்ந்தபின் இரண்டு கோட் பிரைமர் அடித்தால் ஒரு துகள் உதிராது. அதுவும் 10 லிட்டர் குழிக்குள் 12 மி.மீ எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) பெட்டியை இறக்கினால் உள்ளே மிஞ்சுவது 7 லிட்டர்கூட இல்லை. 10 என்று எழுதியதே தப்பு.

ஜிப்சம்_ஆள்:
பெட்டியின் முக்கிய வேலையை இரண்டு பேருமே சொல்லவில்லை. ஜிப்சம் சுவரில் பின்புறம் திறந்திருந்தால் பக்கத்து அறைக்குச் சத்தம் நிறையப் போய்விடும். பேஸுக்காக இல்லை, அடுத்த அறையில் தூங்குகிறவருக்காகத்தான் பெட்டி. இன்னொன்று, ஸ்பீக்கரைப் போர்டோடு கவ்வவைக்கும் கிளாம்ப் திருகைப் பவர் டிரில்லால் முறுக்காதீர்கள். பிளாஸ்டிக் காது உடையும், இல்லாவிட்டால் போர்டு நசுங்கும். கையால் முறுக்கி, போர்டைக் கவ்வியதும் கால் சுற்றோடு நிறுத்துங்கள். போர்டு அதிர்ந்தால் ஓட்டையைச் சுற்றி உள்பக்கம் பிளைவுட் பட்டை வைத்துத் திருகுங்கள்.

சுருள்கம்பி:
லிட்டர் கிடக்கட்டும். 15 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ ஒயர் போதும் என்று போன மாதம் இதே எட்டு_ஓம் அடித்துச் சொன்னார். போய்வர 30 மீட்டர், ஒயரின் தடை மட்டும் 0.35 ஓம். ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் அதில் கிட்டத்தட்ட 9 சதவீதம். 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் வழக்கம். 2.5 போட்டால் 0.21 ஓம், ஏறக்குறைய சரியாக வரும். பூச்சுக்குப் பிறகு ஒயர் மாற்ற முடியாது என்பதை அன்றைக்கே சொன்னேன், கேட்கவில்லை.

எட்டு_ஓம்:
நான் சொன்னது 8 ஓம் ஸ்பீக்கருக்கு. பழைய பதிவில் பாதியை மட்டும் வெட்டி ஒட்டுவது உங்கள் பழக்கம். 8 ஓமுக்கு அதே ஒயர் 4.4 சதவீதம், எல்லைக்குள்தான். 25 மி.மீ பைப் போட்டு உள்ளே இழுப்புக் கயிறு விட்டிருந்தால் ஒயரைப் பிறகும் மாற்றலாம். கரண்ட் பைப்போடு சேர்த்து ஓட்டாமல் 30 செ.மீ தள்ளி ஓட்டுங்கள், குறுக்கே போனால் செங்குத்தாகக் கடந்துவிடுங்கள். ஆனால் கேள்வி 10 லிட்டரைப் பற்றியது. அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

கரணைக்காரன்:
பதில் சொல்றேன். பெட்டிக்குள்ள கிளாஸ் வூல் அடைச்சா கொள்ளளவு கூடின மாதிரி நடக்கும். சப்வூஃபர் (கீழ் பேஸுக்குன்னே தனி ஸ்பீக்கர்) இருந்தா சுவர் ஸ்பீக்கரை 80 ஹெர்ட்ஸ்ல வெட்டிடுவீங்க, அப்புறம் கீழ என்ன நடந்தா என்ன?

எட்டு_ஓம்:
மேடு இருப்பது 110-ல். 80-ல் வெட்டினால் அது எங்கே போகும்? அப்படியே நிற்கும். பஞ்சு அடைத்து 10 லிட்டர் 12 ஆனதாகவே வைத்துக்கொள்ளுங்கள், க்யூ 1.12. மேடு 2.4-லிருந்து 2 டெசிபெல்லுக்கு இறங்குகிறது, அவ்வளவுதான். இன்னொரு விஷயம்: 23 செ.மீ சுவரில் நிலைக்காடி (மேலிருந்து கீழாக வெட்டுகிற பள்ளம்) மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழமாகக் கூடாது. அது 7.7 செ.மீ. நீங்கள் 9 கொத்தச் சொல்கிறீர்கள்.

கரணைக்காரன்:
அது பைப் ஓடுற நீளக் காடிக்கு உள்ள அளவு. இது 37 செ.மீ குழி. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாம சுவரைப் பத்திப் பேச வந்துட்டீங்க. பாரம் தாங்குற சுவர்னா குழிக்கு மேல சின்ன லிண்டல் வைப்போம். 11 செ.மீ சுவரா இருந்தா தொடவே மாட்டோம்.

எட்டு_ஓம்:
லிண்டல் வைக்க வேண்டும் என்று உங்கள் பதிவில் ஒரு வரிகூட இல்லை. இப்போதுதான் வருகிறது. செங்கல் சுவர் என்றால் அதன் முன்னால் சட்டம் அடித்து ஜிப்சம் பொய்ச்சுவர் எழுப்புங்கள், 76 லிட்டர் தானாகக் கிடைக்கும்.

கரணைக்காரன்:
அறையில 10 செ.மீ போகும், அலமாரி தள்ளணும், பிளக் பாயிண்ட் எல்லாம் முன்னால இழுக்கணும். அதை யார் செய்வாங்க?

ஜிப்சம்_ஆள்:
பெட்டி பெட்டி என்கிறீர்களே, ஒருவர் எம்டிஎஃப் பெட்டியையும் இன்னொருவர் குழியையும்தானே சொல்கிறீர்கள்?

எட்டு_ஓம்:
எதுவானாலும் 10 லிட்டர் 10 லிட்டர்தான்.

சுருள்கம்பி:
மாட்டும் முன் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் இருந்தால் கூம்பு வெளியே வரும். ஒன்று மாறிப்போனாலும் நடுவில் குரல் கரைந்துவிடும், பிறகு அதற்கும் பெட்டியைத்தான் குறை சொல்வீர்கள். எட்டு_ஓம், அந்த ஒயர் பதிவைத் திருத்தினீர்களா?

எட்டு_ஓம்:
திருத்த அதில் ஒன்றுமில்லை. கரணைக்காரன் தன் 10 லிட்டரைத் திருத்தட்டும்.

கரணைக்காரன்:
அந்த வரி அப்படியேதான் இருக்கும்.