புதுப்பிப்பு: அம்மாவின் வயிற்றுப்போக்குக்குக் காரணம் பித்தநீர்

பித்தப்பையை எடுத்த பிறகு அம்மாவுக்கு மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, என்ன பரிசோதனை செய்யலாம் என்று கேட்டிருந்தேன். உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குக் கூட்டிவந்து குடல் மருத்துவரிடம் காட்டினோம். மலப் பரிசோதனை, தைராய்டு, கொலனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது), எதிலும் குறையில்லை.

கொழுப்பைச் செரிக்க ஈரல் சுரக்கும் பித்தநீர்தான் காரணமாம். சேர்த்து வைக்கப் பை இல்லாததால் அது எந்நேரமும் குடலுக்குள் வழிகிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சியது போக மிச்சம் பெருங்குடலில் இறங்கி, அங்கே நீரைச் சுரக்க வைக்கிறது. மருந்து கொடுத்துப் பார்த்தே மருத்துவர் அதை உறுதி செய்தார். கொலஸ்டிரமைன் தூள், 4 கிராம் பொட்டலம், தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். பித்தநீரைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். கொழுப்பைக் குறைக்க வந்த பழைய மருந்துதான். வாயில் மணல் மாதிரி நறநறக்கிறதென்று அம்மா திட்டுகிறார், ஆனால் ஒரே வாரத்தில் நல்ல மாற்றம்.

முக்கியமானது: மற்ற மாத்திரைகளை இதற்கு 1 மணி நேரம் முன்போ, 4 முதல் 6 மணி நேரம் கழித்தோதான் போட வேண்டும். இல்லாவிட்டால் அவற்றையும் இது பிடித்துக்கொள்ளும். அதனால் பிரஷர் மாத்திரை விடிந்ததும், தூள் அப்புறம். எண்ணெய்ப் பண்டம் குறைவு, கறிதோசை இப்போதைக்குக் கிடையாது.

மாதுளைத் தோல் கஷாயம் சொன்னவர்களுக்கு நன்றி, அதைக் கொடுக்கவில்லை. இப்போது லேசாக மலச்சிக்கல் இருக்கிறது, அளவைக் குறைக்கலாமா என்று அடுத்த முறை கேட்க வேண்டும்.